கொம்பு முளைத்த நட்சத்திரம்

விடுமுறைக்குக் கடற்கரை போய்வந்த வீடுகளில், காய்ந்த நட்சத்திர மீன் ஒன்று கண்ணாடி அலமாரியில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது உயிரோடு எப்படி வாழ்ந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

முதலில், அது மீனே அல்ல. செதில் இல்லை, துடுப்பு இல்லை, முதுகெலும்பும் இல்லை. கடல் அட்டைக்குத்தான் அது சொந்தம். மலாய்க்காரர்கள் அதைத் 'தாப்பாக் சுலைமான்' என்பார்கள்.

நட்சத்திர மீன்களில் பல வகை உண்டு. ஜொகூர், சிங்கப்பூர்ப் பக்கம் கடற்புல் வளர்ந்த ஆழமில்லாத மணல் திட்டுகளில் ஒரு வகை வாழ்கிறது. ஐந்து தடித்த கைகள். முதுகில் கறுத்த கொம்புகள். விளிம்புக்கு விளிம்பு அளந்தால் 30 சென்டிமீட்டர்வரை வளரும். கொம்பைக் கண்டு பயப்பட வேண்டாம், விஷமில்லை.

இதற்கு மூளை கிடையாது. இரத்தமும் கிடையாது, உடம்புக்குள் கடல்நீரே ஓடுகிறது. அந்த நீரின் அழுத்தத்தால், அடிப்புறத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் நீண்டு சுருங்கும். அவற்றால்தான் மெல்ல நகர்கிறது. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு கண்புள்ளி உண்டு. வெளிச்சம் எது, இருட்டு எது என்று அதற்குத் தெரியும்.

சாப்பிடும் விதம் இன்னும் வேடிக்கை. வாய் அடிப்பக்கம் இருக்கிறது. நாம் சோற்றை வயிற்றுக்குள் அனுப்புகிறோம். இது வயிற்றையே வெளியே அனுப்பி, மணலில் படிந்த பாசியையும் சிற்றுயிர்களையும் அங்கேயே செரித்துவிட்டு, வயிற்றை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது!

"இரத்தம் இல்லையென்றால், தொட்டால் தெரியாதா சார்?" என்று என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். தெரியும். வாயைச் சுற்றி நரம்பு வளையம் இருக்கிறது; அதிலிருந்து ஒவ்வொரு கைக்கும் ஒரு நரம்பு போகிறது.

மூச்சு வாங்குவது குழாய்க் கால்களாலும் தோலில் உள்ள மெல்லிய முளைகளாலும்தான். இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும். வெயிலில் காயப்போட்டால் அது மூச்சுத்திணறித்தான் சாகிறது. அலமாரியில் இருப்பது பெரும்பாலும் கரையொதுங்கிய ஓடு அல்ல. உயிரோடு எடுத்துக் காயவைத்தது.

இந்த வகையில் ஆண் பெண் தனித்தனி. முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விடுகின்றன. அவை அங்கேயே கலக்க வேண்டும். ஆகவே பல நட்சத்திரங்கள் அருகருகே இருந்தால்தான் குஞ்சு உண்டு. ஆளுக்கொன்றாக எடுத்துவந்தால், மிஞ்சிய இரண்டொன்று தனித்தனியே கிடந்து பயனில்லை.

அடுத்த முறை கடலுக்குப் போனால், தண்ணீருக்குள் இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கரையில் புரண்டு கிடந்தால், ஈரக் கையால் தூக்கித் தண்ணீரில் விடச் சொல்லுங்கள். ஒரு காசும் செலவில்லை. பிள்ளைக்கு அது மறக்காது.