கூடம் கோணலா?

“ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் பாட்டிமார் வாயில் வழங்கிவந்த பழமொழி. அந்த ஆட்டக்காரிக்கு அன்று கூடம் கிடைத்தது. இன்று நம் பிள்ளைகளுக்குச் சீட்டு கிடைத்திருக்கிறது. தோற்றவன் எவனும் “நான் சரியாக ஆடவில்லை” என்று எழுவதில்லை. “எனக்கு நல்ல சீட்டே வரவில்லை” என்றுதான் எழுகிறான். சிறு பிள்ளையின் சிணுங்கல்தானே என்று நாமும் சிரித்து விட்டுவிடுகிறோம். ஆனால் பத்து வயதில் சிணுங்கலாக இருப்பது நாற்பது வயதில் சுபாவமாகிவிடுகிறது. ஆகவே, இம்மாதம் இதைச் சற்றே ஆராய்வோம்.

நெய்வேலி நகரியத்தில் கோடை விடுமுறை வந்துவிட்டால், குடியிருப்பு வீடுகளின் திண்ணைகளிலும் மரநிழல்களிலும் சிறுவர் கூட்டம் சேர்ந்துவிடும். மல்யுத்த வீரர்களின் படம் பதித்த டிரம்ப் கார்டுகள் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் கைகளில் புரண்டன. இப்போது போக்கிமான் சீட்டுகளை மாற்றிச் சேர்த்துப் போட்டியிடுகிறார்கள். பெரியவர்களுக்கோ, இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கியெழுந்த பிற்பகலில் ரம்மி. ஆட்டம் எதுவாயினும் முடிவில் எழும் புலம்பல் மட்டும் ஒன்றே. அந்தப் புலம்பலில் உண்மை எவ்வளவு?

சிறிதளவு உண்மை உண்டு. அதை மறுப்பது நியாயமன்று. பரமபதத்தில் ஏணியும் பாம்பும் முழுக்க முழுக்கத் தற்செயலின் கையில் இருக்கின்றன. ஆடுபுலி ஆட்டத்திலும் சதுரங்கத்திலும் தற்செயலுக்கு இடமே இல்லை. சீட்டாட்டம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. செகந்திராபாத்தில் இருந்த ஒரு மனமகிழ் மன்றத்தின் வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் 1967ஆம் ஆண்டு இறுதியில் அளித்த தீர்ப்பு இதையே கூறிற்று. மூன்று சீட்டு ஆட்டம் வெறும் தற்செயல். ரம்மியோ பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும். எதைப் பிடிப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கலைத்துப் பங்கிடும் எந்தச் சீட்டாட்டத்திலும் தற்செயல் ஓரளவு இருக்கவே செய்யும் என்பதையும் நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். ஆகவே, “சீட்டு வரவில்லை” என்பவன் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொல்கிறான். பாதி உண்மையோ முழுப் பொய்யைவிட மனிதனை நீண்டகாலம் ஏமாற்ற வல்லது.

நம் வீட்டுத் தாயக்கட்டையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் நான்கு பக்கங்கள்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டும் சேர்ந்து விழக்கூடிய வகைகள் 16. அவற்றுள் ஒன்று வெறுமையும் மற்றது ஒற்றைப் புள்ளியுமாக விழுவது இரண்டு வகையில்தான். எனவே தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படியானால் எட்டு முறை எறிந்தால் ஒரு தாயம் நிச்சயம் என்று பலரும் எண்ணிவிடுகிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எட்டு முறை எறிந்தும் தாயமே காணாதவர் ஏறக்குறைய மூவரில் ஒருவர். நால்வர் அமர்ந்து ஆடினால், அவர்களுள் யாரேனும் ஒருவர் இவ்வாறு வெறுங்கையோடு நிற்பது பத்து ஆட்டங்களில் எட்டில் நிகழும். அன்று அவ்விடத்தில் அமர்ந்தவர், “என் ராசியே இப்படித்தான்” என்கிறார். ராசி எங்கே வந்தது? யாரேனும் ஒருவர் அமர்ந்தே தீரவேண்டிய இடம் அது. அன்று அவர் அமர்ந்தார்; மறுநாள் வேறொருவர் அமர்வார். கட்டைக்கு ஞாபகமும் இல்லை, பகையும் இல்லை.

சிறுவர்கள் சேர்த்து ஆடும் சீட்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வகைப் போட்டிச் சீட்டுகளை, கணிதம் பயின்ற ரிச்சர்டு கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1993ஆம் ஆண்டு ‘மேஜிக்’ என்ற ஆட்டத்தின் மூலம் உலகுக்கு அறிமுகம் செய்தார். போக்கிமான் சீட்டுகள் 1996இல் ஜப்பானில் பிறந்தன. இவற்றில் ஆட்டக்காரன் தன் கட்டைத் தானே அமைத்துக்கொள்கிறான். ‘மேஜிக்’ ஆட்டத்தில் வழக்கமாக 60 சீட்டுகள் கொண்ட கட்டு. அதில் ஒரு பகுதி நிலச்சீட்டுகள். நிலம் இருந்தால்தான் மற்றச் சீட்டுகளை இறக்க முடியும். தொடக்கத்தில் ஏழு சீட்டுகளைக் கையில் எடுப்பர். அவற்றில் நிலம் ஒன்றோ, ஒன்றுகூட இல்லாமலோ போனால், “இன்றைக்கும் எனக்கு அதிர்ஷ்டம் இல்லை” என்ற ஒப்பாரி எழுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம். கட்டில் 24 நிலச்சீட்டுகள் வைத்தவனுக்கு இக்கதி ஏழு ஆட்டங்களுக்கு ஒருமுறை நேரும். கவர்ச்சியான வீரச் சீட்டுகளை அதிகம் சேர்க்கும் ஆசையில் நிலத்தை 20ஆகக் குறைத்தவனுக்கோ நான்கு ஆட்டங்களுக்கு ஒருமுறை நேரும். இருவரும் ஒரே சொல்லால்தான் விதியை நோகிறார்கள். ஆனால் இரண்டாமவன் நோக வேண்டியது விதியையா, முந்தின இரவு தன் கையால் தான் அடுக்கிய கட்டையா? மேசையில் நாம் கண்டு புலம்பும் துரதிர்ஷ்டத்தில் ஒரு பங்கு, வீட்டில் நாமே சமைத்ததாக இருப்பதுண்டு. பரீட்சை மண்டபத்தில் “படிக்காத பாடத்திலிருந்தே கேட்டுவிட்டார்கள்” என்று அழும் மாணவனின் கதையும் இதுவே அன்றோ?

எனினும், நல்ல கட்டமைத்து நன்கு ஆடியவனும் தோற்பதுண்டு. அவனுக்கு நாம் என்ன சொல்வது? ஒரே ஆட்டத்தைக்கொண்டு உன்னை அளவிடாதே என்று சொல்வோம். பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள் இதற்கு ஓர் அழகிய வழி கண்டனர். போட்டிகளில் ஒரு மேசையில் பங்கிட்ட அதே சீட்டுகளை அப்படியே காத்து, அடுத்தடுத்த மேசைகளிலும் ஆடச் செய்கிறார்கள். மோசமான கை வந்தவர் தம் எதிரியோடு ஒப்பிடப்படுவதில்லை. அதே மோசமான கையை வைத்து வேறு மேசையில் ஆடியவரோடு ஒப்பிடப்படுகிறார். அங்கே “எனக்குச் சீட்டு வரவில்லை” என்ற பேச்சே எழ வழியில்லை. “அதே சீட்டை வைத்து அவர் குறைவாகத் தோற்றாரே, எப்படி?” என்ற கேள்விதான் எழும். குறைவாகத் தோற்பதும் ஒரு கலை. கை சரியில்லை என்று கண்டதும் முதற்சுற்றிலேயே ‘ஸ்கூட்’ சொல்லி ஒதுங்கும் ரம்மிக்காரருக்கு இது நன்கு தெரியும்.

புலம்பலில் வேறொரு தீங்கும் மறைந்திருக்கிறது. நமக்கு வந்த மோசமான கை பல ஆண்டுகள் நினைவில் நிற்கிறது. வந்த நல்ல கையோ அன்றிரவே மறந்துபோகிறது. வென்ற நாளில் “சீட்டு வந்தது, வென்றேன்” என்று சொன்னவர் எத்தனை பேர்? அன்று அது திறமை. தோற்ற நாளில் மட்டும் அது விதி. இக்கணக்கில் நேர்மை இல்லை. அத்தோடு, “சீட்டு வராததால் தோற்றேன்” என்பது எதிரில் அமர்ந்தவனை நோக்கி, “நீ வெல்லவில்லை” என்று சொல்வதேயாகும். ஒரு மணி நேரம் கருத்தூன்றி ஆடிய தோழனின் மகிழ்ச்சியை ஒரு வாக்கியத்தால் பறித்துக்கொள்கிறோம். இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னால் அவர்கள் சட்டெனப் புரிந்துகொள்வார்கள். தோழனின் முகம் வாடுவதை அவர்களே கண்டிருப்பார்கள்.

நெய்வேலி மக்களுக்கு இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. காலடி மண்ணே போதும். 1935ஆம் ஆண்டு ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. அது தற்செயல்; நல்ல சீட்டு எனலாம். ஆனால் அதோடு சேர்ந்தே வந்த மற்றச் சீட்டுகள் எப்படிப்பட்டவை? பழுப்பு நிலக்கரிக்கு மேலே, எந்திரப் பற்களைத் தேய்த்தெடுக்கும் கடினமான மணற்பாறை. அதற்குக் கீழே, சுரங்கத் தரையையே பெயர்த்தெறியவல்ல ஊற்றுநீரின் அழுத்தம். 1957 மே மாதம் அகழ்வு தொடங்கி, 1961 ஆகஸ்டில்தான் நிலக்கரியின் முகம் தெரிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பொறியாளரும் தொழிலாளரும் தலையெழுத்தை நொந்துகொண்டு அமர்ந்திருந்தால் இந்த நகரியமே இருந்திராது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்தார்கள். பாறையை வெடிவைத்துத் தளர்த்தினார்கள். எந்திரப் பற்களை உறுதியாக்கினார்கள். வந்த கையை வைத்து ஆடுவது என்றால் இதுதான்.

பணம் வைத்து ஆடும்போது இந்தப் புலம்பல் உயிரையே குடிக்கும் நஞ்சாகிறது. “இவ்வளவு நேரம் வரவில்லை, இனி வந்தே தீரும்” என்ற எண்ணத்தால் மனிதன் சம்பளத்தையும், மனைவியின் நகையையும், பிறகு கடனையும் வைக்கிறான். லாட்டரிச் சீட்டால் எத்தனை வீடுகளில் அடுப்பெரியாமல் போயிற்று என்பதைக் கண்டே தமிழ்நாடு அரசு 2003இல் அதைத் தடைசெய்தது. பின்னர் கைப்பேசியில் ரம்மி வந்தது. கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டோரின் செய்திகளும் வந்தன. மாநில அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றைப் பற்றிய பகுதியை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா தற்செயலா என்ற பாகுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. சட்டம் கதவை மூடலாம். “என் அதிர்ஷ்டம் எனக்குக் கடன்பட்டிருக்கிறது” என்ற எண்ணத்தை மனத்திலிருந்து எடுக்க வேண்டியது குடும்பத்தின் வேலை. தாயக்கட்டைக்கு ஞாபகமில்லை என்பதைப் பத்து வயதில் உணர்ந்தவன் நாற்பது வயதில் இந்த வலையில் எளிதில் விழமாட்டான்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. முறையீடு எல்லாமே புலம்பல் அன்று. 2023 ஜூலையில், சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய்க்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் எந்திரங்கள் இறங்கியபோது, அவ்வூர் உழவர்கள் கதறினார்கள். அவர்களிடம் போய், “வந்த சீட்டை ஆடுங்கள்” என்று சொல்வது அறமாகாது. கலைத்துப் பங்கிட்ட சீட்டுக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. மனிதர் எடுத்த முடிவுக்குப் பதில் சொல்ல மனிதர் இருக்கிறார்கள். அங்கே முறையிடுவது உரிமை. மௌனமாக இருந்து அதைத் தலைவிதி என்பதுதான் தவறு. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால், கட்டியவரை அழைத்துக் காட்டத்தான் வேண்டும். தற்செயலை நோகாமல் இருக்கவும், அநீதியை நோகத் தயங்காமல் இருக்கவும், இரண்டையும் பிரித்தறியவும் பிள்ளைகள் பழக வேண்டும். அற்பத்துக்கெல்லாம் புலம்பிப் பழகியவனின் குரலை, நியாயமான முறையீட்டின்போதும் எவரும் செவிமடுப்பதில்லை.

ஆகவே, பெற்றோரே, உங்கள் பிள்ளை ஆட்டத்தில் தோற்று முகம் சிவந்து வந்தால் உடனே உபதேசம் தொடங்காதீர்கள். ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். துக்கம் ஆற ஐந்து நிமிடம் கொடுங்கள். பின்பு இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “எந்தச் சீட்டை நீ வேறு விதமாக ஆடியிருக்கலாம்? உன் தோழன் எந்த இடத்தில் நன்றாக ஆடினான்?” முதற்கேள்விக்கு “ஒன்றுமில்லை” என்பது உண்மையான விடையாக இருந்தால், அதையும் ஏற்று, “அப்படியானால் இன்று நீ நன்றாகவே ஆடினாய்” என்று முதுகைத் தட்டுங்கள். இரண்டாம் கேள்விக்கு மட்டும் விடை பெறாமல் விடாதீர்கள். அதற்கு விடை சொல்லப் பழகிய பிள்ளை மறுநாள் மாலை அதே திண்ணைக்கு, அதே தோழனைத் தேடித் தானாகவே போகும்.