கற்றவரும் ஆற்றுணா கொண்டு செல்க

வழியில் உண்பதற்காகக் கட்டி எடுத்துச் செல்லும் உணவுக்குப் பழந்தமிழில் ஆற்றுணா என்று பெயர். ஆறு என்றால் வழி. வழிக்கான உணவு ஆற்றுணா. கற்றவர்க்கு அது தேவையில்லை என்கிறது முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு. மிகக் கற்றவர் செல்ல முடியாத நாடில்லை. சென்ற நாடெல்லாம் அவர்க்குச் சொந்த நாடே. ஆகவே அவர் சோறு சுமந்து போக வேண்டியதில்லை என்பது அப்பாடலின் கருத்து. கல்வியின் பெருமைக்குச் சான்றாக இப்பாடலை வகுப்பறையில் பல ஆண்டுகள் நாமும் நடத்தியிருக்கிறோம். இன்று நடத்தும்போது நா சற்றுத் தயங்குகிறது. தயக்கத்தைத் தந்தது கல்வராயன் மலையில் உண்ட ஒரு வேளைச் சோறு.

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர் நால்வருடன் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்வதற்காக அம்மலைக்குச் சென்றிருந்தோம். கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலேறும் சாலை வெள்ளிமலைக்குக் கொண்டு சேர்க்கும். அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு சிற்றூர். மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர் வாழும் ஊர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று மயங்க வேண்டாம்; மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்.

பாட்டுச் சொன்ன ஆயா வீட்டில் இரவு உணவு. சுடு சோறும் மொச்சைக் குழம்பும். ஐவரும் வயிறார உண்டோம். நாம் எழுந்தபின் வீட்டார் உண்டது கேழ்வரகுக் கூழ். அது அவர்கள் வழக்கம் போலும் என்று எண்ணிக்கொண்டோம். பொழுது விடிந்ததும் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து நின்றாள். இரவு அரிசி அளந்து கொடுத்த படியைத் திரும்ப வாங்கி வரச் சொல்லி அவள் தாய் அனுப்பியிருக்கிறாள். நாம் உண்டது கடன் வாங்கிய சோறு என்பது அப்போதுதான் விளங்கியது. ஆயாவிடம் பணம் நீட்டினோம். அவர் வாங்கவில்லை. முகம் சற்று வாடியது.

இதை ஒரு வீட்டு வறுமையின் கதையாக மட்டும் நாம் சொல்லவில்லை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அவர்கள் நிலத்தில் மலைமக்கள் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. மேலிருந்து வருபவனுக்குக் கொடுத்தே பழகிய, கொடுக்க வைத்தே பழக்கப்படுத்தப்பட்ட மக்கள் அவர்கள். கையில் குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியுமாகப் போய் நிற்கும் நாம் அவர்கள் கண்ணுக்கு யாராகத் தெரிந்திருப்போம்? அன்றிரவு நமக்குக் கிடைத்தது அன்பால் வந்த விருந்தா, பழைய அச்சத்தின் மிச்சமா? அன்பு என்றே நம்ப விரும்புகிறோம். ஆயினும் அந்த ஐயத்தை முற்றிலும் துடைத்தெறிய நமக்கு உரிமையில்லை.

விருந்தோம்பலைப் பற்றித் தமிழில் பேசப்படாத சொல் இல்லை. திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஆனால் அதன் பத்துக் குறளும் விருந்தளிப்பவரை நோக்கியே பேசுகின்றன. விருந்தினராகப் போகிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு குறள்கூடச் சொல்லவில்லை. நம் காலத்துப் பயணக் கட்டுரைகளோ இன்னும் ஒரு படி மேலே போய், 'மலைமக்கள் வீட்டில் உண்டோம், அந்த அன்பை என்னென்பது' என்று உருகி முடிந்துவிடுகின்றன. அந்த அன்பு எத்தனை படி அரிசி என்று எவரும் அளந்து எழுதியதாகத் தெரியவில்லை. நாமும் அளந்ததில்லை, அந்தச் சிறுமி வரும்வரை.

சாமைச் சோறாக இருந்தால் கணக்கு இன்னும் கூடும். சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. உரலில் குத்திப் புடைத்து மீண்டும் குத்த வேண்டும். ஐந்து பேருக்குச் சாமைச் சோறு என்பது ஒரு பெண்ணின் பாதிப் பகல். அந்தச் சாமையும் இன்று மலையில் முன்போல் விளைவதில்லை. மரவள்ளி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஜவ்வரிசி ஆலைகளுக்காக மலையிறங்குகிறது. அடுப்பில் வேகும் அரிசி பெரும்பாலும் நியாயவிலைக் கடை அரிசி. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்ததைக் கொண்டாடிய நகரத்தார் கண்ணாடிப் புட்டியில் சாமை வாங்குகிறார்கள். சாமை விளைந்த மலைக்குப் போகும்போதோ நூடுல்ஸ் பொட்டலம் கொண்டு போகிறார்கள்.

அடுத்த முறை சென்றபோது நம்மிடம் ஓர் எவர்சில்வர் தூக்கு இருந்தது. மூடியுடையது, ஐந்து பேருக்குப் போதுமானது. அதற்குள்ளேயே கரண்டியும் சிறு கத்தியும் அடங்கும். ஒரு துணிப்பையில் உமி நீக்கிய சாமை, பாசிப்பருப்பு, புளி, உப்பு, காய்ந்த மிளகாய். சிறு குப்பியில் நல்லெண்ணெய். ஒரு குடும்பத்துக்கும் சேர்த்துப் போதுமான அளவு. சுமை என்று சொல்லத்தக்க சுமையன்று.

ஒரே பாத்திரத்தில் சமைப்பதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. மேலே ஏற ஏற நீரின் கொதிநிலை குறையும்; 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை. ஆகவே குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை நம்பிப் போனால் பசியோடு காத்திருக்க வேண்டியதுதான். பாசிப்பருப்பு விரைவில் வெந்துவிடும். சாமை இரண்டு பங்கு, பருப்பு அரைப் பங்கு, நீர் ஏழு பங்கு. பருப்பைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அரைமணி நேரம் ஊறிய சாமையைச் சேர்க்க வேண்டும். சாமை முக்கால் வேக்காடு வந்ததும் இறக்கி, மூடி, போர்வையில் சுற்றி வைத்துவிட்டால் உள்ளிருக்கும் சூட்டிலேயே மிச்சமும் வெந்துவிடும். விறகு பாதியாகக் குறையும். புளியைக் கடைசியில்தான் கரைத்துவிட வேண்டும். முன்னரே விட்டால் புளிப்பில் பருப்பு வேகாது. அலுமினியப் பாத்திரம் வேண்டாம் என்பதும் புளியை முன்னிட்டே.

இதில் நம் கண்டுபிடிப்பு என்று ஒன்றுமில்லை. மலைபடுகடாம் வழிநடைக் கூத்தருக்குச் சொல்லும் உணவுகளில் மூங்கிலரிசியும் மேட்டுநில நெல்லரிசியும் அவரையும் புளியும் சேர்ந்த கூழ் ஒன்று உண்டு. நடந்த களைப்புத் தீர மலைவழியில் ஒரே பானையில் ஆக்கிய உணவு. நன்னனின் செங்கம் இம்மலைக்கு வெகு தொலைவிலும் இல்லை.

தூக்கைக் கண்ட ஆயா கேட்டார்: 'ஏஞ்சாமி, எங்கூட்டுல அடுப்பு இல்லியா?'

இக்கேள்விக்கு நாம் ஆயத்தமாக இருக்கவில்லை. ஊருக்கு வெளியே தனியாகச் சமைத்துக்கொள்வதே நாகரிகம் என்று எண்ணிச் சென்றிருந்தோம். அது நாகரிகமன்று, அவர்கள் சோற்றை மறுப்பது. மேலும் வெளியே அடுப்பு மூட்டுவது சரியுமன்று. காப்புக்காட்டில் தீ மூட்டுவதை 1882ஆம் ஆண்டின் வனச் சட்டமே தடுக்கிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீ மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டதை நாம் மறந்திருக்க முடியாது. கோடையில் காய்ந்து கிடக்கும் இலைச்சருகுக்கு ஒரு பொறி போதும்.

ஆகவே தூக்கு ஆயாவின் அடுப்பில் ஏறியது. சாமையும் பருப்பும் நம்முடையவை. அவரைக்காய் அவர் கொல்லையில் பறித்தது. உப்பு எவ்வளவு என்பதை அவர்தான் முடிவு செய்தார். போர்வையில் சுற்றி வைத்ததைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அதே சோற்றை உண்டோம். மறுநாள் எவரும் படி கேட்டு வரவில்லை.

பணமாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். விடுதிக்கு அது பொருந்தும். வீட்டுக்குப் பொருந்தாது. பணம் கொடுத்தவன் உண்பவன், வாங்கியவர் ஆக்கிப் போடுபவர் என்ற பிரிவு அப்படியே நின்றுவிடும். சாமையைக் குத்தும் கையும் அதே கையாகவே இருக்கும். தானியம் கொண்டு போகிறவன் அடுப்பங்கரையில் உட்கார வேண்டும். விறகு தள்ள வேண்டும். பாத்திரம் துலக்க வேண்டும். மாணவருள் இருவர் அன்றுதான் முதன்முறையாகப் பாத்திரம் துலக்கினர் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

மற்றொரு நண்பர், 'இப்படிக் கணக்குப் பார்த்தால் விருந்தோம்பல் என்னாவது?' என்று கேட்டார். விருந்தை மறுக்குமாறு நாம் சொல்லவில்லை. ஏற்பதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்கிறோம். எல்லா நாடும் கற்றவனுக்குச் சொந்த நாடு என்கிறாரே அரையனார், அது மெய்யானால் அந்நாட்டின் பசியிலும் அவனுக்குப் பங்கு உண்டல்லவா? தன் வீட்டுக்குப் போகிறவன் வெறுங்கையோடு போவதில்லை.

இலக்கிய முகாம், களப்பணி, நடைப்பயணம் என்று மலையேறும் நண்பர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவே. அடுத்த முறை புத்தகங்களுக்கிடையே ஒரு தூக்குக்கும் இரண்டு படி தானியத்துக்கும் இடம் ஒதுக்குங்கள். அடுப்பை மட்டும் அவர்களிடம் கேட்டுப் பெறுங்கள்.