ஏனாம் ஆசிரியருக்கு எந்த மொழியில் டெட்?

அஞ்சுமன் இஷாத்-ஏ-தாலீம் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் திபங்கர் தத்தா, மன்மோகன் அமர்வு 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்ததிலிருந்து தாளாளர்களும் தலைமையாசிரியர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வைப் (டெட்) பற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “நம்ம பள்ளிக்கு டெட் உண்டா, இல்லையா?” சிறுபான்மைப் பள்ளி என்றால், இந்த அமர்வு கேள்வி அனுப்பியுள்ள பெரிய அமர்வு முடிவு சொல்லும் வரை இல்லை. மற்றவர்களுக்கு உண்டு. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். தவறினால் கட்டாய ஓய்வு. ஐந்தாண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டிருக்கிறது.

இவ்விதழின் நிலையை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரமதி தீர்ப்பை மறுபடி எடுத்துப் பார்ப்பது சரி. 12(1)(சி) பிரிவு நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களை எதிர்த்து வைத்த வாதத்தை வைத்துக்கொண்டு, 2014இல் வந்த அந்தத் தீர்ப்பால் கல்வி உரிமைச் (ஆர்.டி.இ.) சட்டம் முழுவதிலிருந்துமே சிறுபான்மைப் பள்ளிகள் விலக்கப்பட்டன. ஆசிரியரின் தகுதி, மாணவரை அடிக்கத் தடை, வகுப்பறை வசதி இவையெல்லாம் பள்ளி நிறுவி நடத்தச் சிறுபான்மையருக்கு அரசியலமைப்பின் 30(1) உறுப்பு தரும் உரிமையைச் சிதைக்கும் என்று எந்தத் தாளாளராலும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. நல்ல ஆசிரியர் வந்ததால் எந்தப் பள்ளியும் தன் சமயத்தை இழந்ததில்லை. 25 விழுக்காட்டு விவகாரம் வேறு. அந்த இடங்களை அதே சிறுபான்மைச் சமூகத்தின் ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்படி பிரிவைச் சுருக்கிப் படிக்கலாமா என்பதும் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்ட கேள்விகளில் ஒன்று. அரியாங்குப்பம், வில்லியனூர், நெல்லித்தோப்புத் தாளாளர்கள் அஞ்ச வேண்டிய கேள்வி அல்ல அது. சிறுபான்மைப் பள்ளி மாணவர்களில் 62.5 விழுக்காட்டினர் சிறுபான்மையர் அல்லாதவர் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் சொன்னது. அந்த எண் இருக்கும்போது, சொந்தச் சமூகத்து ஏழைக் குழந்தைக்கு இடம் கொடு என்றால் மறுக்க வாய் வராது.

தீர்ப்பின் விலக்கு ‘சமய அல்லது மொழிச் சிறுபான்மையர்’ நிறுவி நிர்வகிக்கும் பள்ளிகளுக்கு என்று தெளிவாகவே இருக்கிறது. இதில் ‘மொழி’ என்ற சொல் யாரைக் காக்கிறது?

டி.எம்.ஏ. பாய் வழக்குக்குப் பிறகு சிறுபான்மையை அளக்கும் அலகு மாநிலம். அப்படி அளந்தால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் ஏனாமின் தெலுங்கரும் மாஹேயின் மலையாளிகளும் மொழிச் சிறுபான்மையர். 2011 கணக்கெடுப்பில் ஏனாமின் மக்கள்தொகை 55,626; மாஹேயில் 41,816. இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் எட்டு விழுக்காடுகூட இல்லை. இவர்களின் குழந்தைகளில் ஏழைகள் படிப்பது அரசுப் பள்ளியில். 30(1) அரசுப் பள்ளிக்குப் பொருந்தாது. ஆக, புதுச்சேரி நகரில் ஆங்கில வழியில் நடக்கும் ஒரு சமயச் சிறுபான்மைப் பள்ளியின் ஆசிரியருக்கு இன்று டெட் இல்லை. ஏனாமின் தொடக்கப் பள்ளியில் தெலுங்கில் பாடம் சொல்லும் ஆசிரியருக்கு உண்டு.

அவர் எந்தத் தேர்வை எழுதுவார்? சட்டமன்றம் உள்ள ஒன்றியப் பிரதேசம் தானே தேர்வு நடத்தாவிட்டால் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட் பொருந்தும் என்கிறது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2011 பிப்ரவரி வழிகாட்டுதல். சிடெட்டின் மொழிப் பகுதிகளுக்கு 20 மொழிகள் உண்டு. தமிழ், தெலுங்கு, மலையாளம் மூன்றும் அவற்றில் உள்ளன. ஆனால் ஒரு தாளின் 150 வினாக்களில் மொழிக்கு 60தான். குழந்தை வளர்ச்சி, கணிதம், சூழலியல் என மீதி 90 வினாக்களும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். தேர்ச்சிக்கு வேண்டிய மதிப்பெண்ணும் 90. இருபது ஆண்டுகளாகத் தெலுங்கில் கணக்குச் சொல்லித் தரும் ஒருவர், தனக்குக் கணக்குத் தெரியும் என்பதை இந்தியிலோ ஆங்கிலத்திலோ நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் வேலை போகும். அரியாங்குப்பத்தில் தமிழ்வழி வகுப்பெடுப்பவருக்கும் இதே கதிதான். பிரெஞ்சு ஆசிரியருக்கோ அந்த 20 மொழிப் பட்டியலில் பிரெஞ்சே கிடையாது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவெடுக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று பிரான்சுடனான 1956 ஒப்பந்தத்தின் 28ஆம் பிரிவில் டெல்லி கையெழுத்திட்ட ஊர் இது.

தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டிய கடமையை அரசியலமைப்பின் 350-ஏ உறுப்பு மாநிலங்களின் மேல் வைத்தது 1956இல். தாய்மொழியில் கற்பிப்பவரை வேற்றுமொழித் தேர்வால் வெளியேற்றிவிட்டு அந்தக் கடமையை யாரை வைத்து நிறைவேற்றுவார்கள்? சமயச் சிறுபான்மைக் கல்வி நிறுவனம் முறையிட 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தேசிய ஆணையம் இருக்கிறது; சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களும் அதற்கு உண்டு. மொழிச் சிறுபான்மைக்கு அந்த ஆணையத்தின் கதவு திறக்காது. அவர்களுக்கென்று இருப்பவர் 350-பி உறுப்பின்படியான ஆணையர் ஒருவர். அவர் அறிக்கை எழுதலாம், பரிந்துரைக்கலாம், எந்த அரசையும் கட்டுப்படுத்த முடியாது. இந்த ஏற்றத்தாழ்வை இருபது ஆண்டுகளுக்கு மேலாக டெல்லி சரிசெய்யவில்லை. அரசுப் பள்ளிகளை சி.பி.எஸ்.இ.க்கு மாற்றிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கையாவது புதுச்சேரி நிர்வாகம் ஏனாமின், மாஹேயின் மொழிக்குக் காட்டியிருக்கலாம். தலைமைச் செயலகத்திலிருந்து பார்த்தால் ஏனாம் தொலைவில்தான் இருக்கிறது. அங்குள்ள குழந்தைகளின் உரிமைக்கும் அதே தொலைவு என்று விட்டுவிட்டார்கள்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. பள்ளிக்கல்வி இயக்ககம் தமிழ், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் முழு வினாத்தாளுடன் சொந்த டெட் நடத்த வேண்டும். அதுவரை ஆந்திர, கேரளத் தேர்வுகளில் தேறியவர்களை ஏற்பதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பிரமதி பெரிய அமர்வுக்கு வரும்போது மொழிச் சிறுபான்மையின் தரப்பைச் சொல்ல இடையீட்டு மனு வேண்டும். ஏனாம், மாஹே தலைமையாசிரியர்கள் தங்கள் பள்ளியில் டெட் எழுத வேண்டியவர் எத்தனை பேர், எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்ற பட்டியலை இப்போதே இயக்ககத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள், நகல் ஒன்றை இவ்விதழுக்கும் அனுப்புங்கள். நீதிமன்றம் தந்த இரண்டாண்டுக் கெடு 2027 ஆகஸ்ட் இறுதியோடு முடிகிறது.