மருந்துக்கும் நோயாளிக்கும் இலக்கணம்

மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது என்று திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்பன அவை. உரைகண்ட பரிமேலழகர் அவற்றை மேலும் நந்நான்காகப் பகுத்து இலக்கணம் கூறுகின்றார். நோயாளிக்கு அவர் முதலாவதாக எண்ணியது பொருளுடைமை. மருந்துக்கு எண்ணிய நான்கனுள் ஒன்று எளிதிலே கிடைத்தல். பண்டித வகுப்பிலே இப்பகுதியைப் பல்லாண்டுகள் பாடஞ் சொல்லியிருக்கின்றேன். இவ்விரண்டு இலக்கணங்களும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்பதை, வைத்தியசாலையில் மருந்து வழங்கும் யன்னலின் முன்னே நின்றபோதுதான் அறிந்தேன்.

கரவனெல்லப் பகுதியின் இறப்பர்த் தோட்டம் ஒன்றிலே என் சின்னம்மா நாற்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இப்போது வயது எழுபத்தொன்று. மார்பகப் புற்றுநோய் என்று கண்டு சத்திரசிகிச்சை செய்தனர். அதன்பின் டிராஸ்டுசுமாப் என்னும் ஊசிமருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஓராண்டு ஏற்ற வேண்டும் என்றனர். அரச வைத்தியசாலை ஆதலின் கட்டணம் இல்லை. ஏழு முறை தடையின்றி நடந்தது. எட்டாம் முறை சென்றபோது, மருந்து முடிந்துவிட்டது, வெளியே வாங்கி வாருங்கள் என்று ஒரு துண்டு எழுதிக் கொடுத்தனர். மருந்துக்கடையிலே சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்டது.

"இலவச ஆஸ்பத்திரின்னு தானே தம்பி சொன்னாங்க? பின்னே ஏன் கடைக்குப் போகச் சொல்றாங்க?" என்று சின்னம்மா கேட்டார். எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

இலங்கையின் இலவச மருத்துவம் பெருமைக்குரியது. நோயாளியிடத்திலே பொருள் இருக்க வேண்டும் என்னும் பழைய இலக்கணத்தை இந்நாடு மாற்றி, அச்சுமையை அரசின் தோளிலே ஏற்றியது. ஆயினும் மருந்து எளிதிலே கிடைக்கும்வரைதான் அம்மாற்றம் நிற்கும். களஞ்சியம் வெறுமையானால் பொருளுடைமை என்னும் நிபந்தனை பழையபடி நோயாளியின் தலையிலே வந்து விழுகின்றது. இலவசம் என்பது விலையைப் பற்றிய சொல். மருந்து உண்டா இல்லையா என்பதை அச்சொல் கூறாது.

அந்நிலையிலே யாருக்கு எது துணை? அரச ஊழியனாகிய எனக்கு அக்ரஹார காப்புறுதி உண்டு. சம்பளத்திலே ஒரு சிறு தொகை கழியும். நோய் வந்தால் ஓரளவு கைகொடுக்கும். ஓய்வுபெற்ற அரச ஊழியருக்கும் அது விரிக்கப்பட்டிருக்கின்றது. இறப்பர் மரத்தோடு வாழ்நாளைக் கழித்த சின்னம்மாவுக்கு அத்தகையது ஒன்றும் இல்லை. தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1000 ரூபா ஆனதே 2021இலேதான். அதற்கு முன்பே அவர் ஓய்வுபெற்றுவிட்டார். ஊழியர் சேமலாப நிதியாக வந்த பணம் கூரைக்கும் மகளின் திருமணத்துக்கும் போயிற்று. வறிய முதியோர்க்கான மாதக் கொடுப்பனவு 2025இலே 5000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது அரிசிக்கும் பருப்புக்கும் உதவும். இத்தகைய ஊசிமருந்துக்கு எட்டாது.

மருந்தை எளிதாக்கும் வழியை இந்நாடு அறியாததன்று. உலகுக்கு முன்னின்று காட்டியதே இந்நாடுதான். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அளித்த அறிக்கையின் பயனாக 1971இலே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. வணிகப் பெயர்களை நீக்கி, மருந்தின் இயற்பெயராலே கேள்விப்பத்திரம் கோரி, நாடு முழுவதற்கும் ஒருவரே வாங்குவது என்பது அவர் கண்ட முறை. ஏறத்தாழ 2100 ஆக இருந்த மருந்து வகைகள் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டன, விலையும் வீழ்ந்தது. பலருக்காக ஒருவர் வாங்கினால் விலை பணியும் என்பது சந்தைக்குப் போகும் தோட்டத்துப் பெண்களுக்கும் தெரிந்த உண்மை. பிபிலே 1977இலே கயானாவிலே காலமானார். உலகச் சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிலேதான். சின்னம்மாவின் ஊசிமருந்து 2015இலே அப்பட்டியலிலே சேர்க்கப்பட்டது. அது செல்வர்க்குரிய ஆடம்பர மருந்து அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பின்னர் ஏன் யன்னல் வெறுமையாகின்றது? நமக்கு வேண்டிய மருந்திலே பெரும்பகுதி கடல்கடந்து வருவது. டொலர் கொடுத்து வாங்குவது. 2022 மார்ச்சின் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்திலே 360 ரூபாவை எட்டியது. வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்தன. இந்தியா தந்த கடனுதவியினாலே மருந்தும் உணவும் தருவிக்கப்பட்டன. தட்டுப்பாடு வந்தால் அவசரக் கொள்வனவு வரும். அவசரத்தின் பின்னே முறைகேடு நுழையும். தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து பற்றி 2023இலே எழுந்த விவகாரத்திலே, சுகாதார அமைச்சராயிருந்த ஒருவரே 2024 பெப்ரவரியிலே கைதானதை நாடறியும்.

பிற நாடுகளிலே இச்சிக்கலை எவ்வாறு அணுகினர் என்பதையும் நோக்குவோம். இரத்தப் புற்றுநோய்க்குரிய கிளிவெக் என்னும் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட புதிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இலே மறுத்தது. வழக்கு வளர்ந்து, 2013 ஏப்ரல் 1ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை உறுதிசெய்தது. நிறுவனத்தின் மருந்து மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபா. அதே மருந்தை இந்திய உற்பத்தியாளர் 10,000 ரூபாவுக்கு உட்பட விற்றனர். அவ்விடைவெளியிலே எத்தனை குடும்பங்களின் நிலமும் நகையும் அடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவோ செல்வ நாடு. அங்கே முதியோருக்கு மெடிகேர் என்னும் அரச காப்புறுதி உண்டு. ஆயினும் மருந்துக்கடையிலே வாங்கும் மருந்துக்கு நோயாளி தன் கையாற் கொடுப்பதற்கு நெடுங்காலம் மேல்வரம்பு இருந்ததில்லை. 2022இலே இயற்றிய சட்டத்தினாலே அவ்வரம்பு 2025இலே ஆண்டுக்கு 2000 டொலர் ஆயிற்று. 2026இலே 2100 டொலர். அத்தொகை நமக்குப் பெரிது. எனினும் இதற்குமேல் உன்னிடம் கேளோம் என்று முதியவருக்குச் சட்டம் கூறும் உறுதி ஒன்று அதிலே உண்டு. நம் நாட்டிலே வரம்பு பூச்சியம் என்கின்றோம்; மருந்து முடிந்த நாளிலோ வரம்பே இல்லை.

கொடையாளர் உதவலாமே என்பர் சிலர். 2011இலே தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை எழப் பொருள் திரட்டியவர்களை நான் வணங்குகின்றேன். ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாது வரவேண்டிய மருந்தை நன்கொடையின் மேல் நிறுத்துதல் ஆகாது. தொடங்கிய மருந்தை முடிக்கும்வரை அந்நோயாளியின் பெயராலே களஞ்சியத்திலே ஒதுக்கிவைத்தல் வேண்டும். இருப்பு முடிந்தால் வைத்தியசாலையே வெளியிலே வாங்கிக்கொள்ளல் வேண்டும். எழுபது வயதினரின் கையிலே துண்டைக் கொடுத்தனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும்.

சின்னம்மாவின் செய்தியையும் சொல்லி முடிக்கின்றேன். என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இரண்டு ஊசி வாங்கினோம். பின்னர் வைத்தியசாலைக்கே மருந்து வந்தது, சிகிச்சை நிறைவுற்றது. 1978ஆம் ஆண்டின் சட்டத்தாலே அமைந்த ஜனாதிபதி நிதியம் நோயாளருக்கு உதவுகின்றது என்பதும், 2025 பெப்ரவரி முதல் கொழும்புக்குப் போகாமற் பிரதேச செயலகத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பதும் எனக்குத் தெரிந்தபோது, சங்கிலி அடகுக்கடைக்குப் போய்விட்டது. படித்தவன் என்று பெயர் படைத்த நானே அறியாதிருந்தேன்.

அன்று எங்களோடு வரிசையிலே நின்ற வேறொரு தோட்டத்துப் பெரியவரை இன்றும் நினைக்கின்றேன். அவரிடமும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அதனை நான்காக மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். அடுத்த முறை அவரை அங்கே காணவில்லை.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, லயத்திலே கடிதம் வந்தால் படித்துச் சொல்ல நம்மைத்தான் தேடுகின்றனர். அருகிருந்து துணைசெய்பவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வள்ளுவர் எண்ணினார். களஞ்சியத்தை நிரப்புவது அரசின் கடமை. உதவி எங்கே உண்டு என்பதைத் தமிழிலே எடுத்துச் சொல்லி, ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது நமது கடமை. அதனை இவ்வாரமே தொடங்கலாம்.