முடியும் குடியும்

தந்தை மறைந்தால் தனயன் முடி சூடுவான். வரலாற்றுப் புத்தகம் நமக்குக் கற்பித்த முதற் பாடம் இது. மலாய் மன்னர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதும், "அவர்களும் அப்படித்தானே!" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எல்லோரும் அப்படியல்லர். மலேசியாவில் மன்னரைக் கொண்ட மாநிலங்கள் ஒன்பது. அவற்றுள் நெகிரி செம்பிலான் தனக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டது. அவ்வழியில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது உண்டு என்பது என் கருத்து.

சுமத்ராவிலிருந்து வந்து குடியேறிய மினாங்கபாவ் மக்கள் தங்கள் வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். 'அடாட் பெர்பாத்தே' என்பது அதன் பெயர். அதன்படி குலம் தாய்வழி வருவது. பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். குலத்தின் பூர்வீக நிலம் பெண்வழி இறங்கும். 'சுக்கு' எனப்படும் இக்குலங்கள் பன்னிரண்டு.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை ஓர் ஏணி போன்றது. குடும்பத்தார் கூடித் தம் கிளைக்குத் தலைவராகப் 'புவாபாக்' ஒருவரைத் தெரிந்தெடுப்பர். புவாபாக்குகள் கூடிக் குலத்தலைவரான 'லெம்பாகா'வைத் தெரிந்தெடுப்பர். லெம்பாகாக்கள் கூடி நாட்டுத் தலைவரான 'உண்டாங்'கைத் தெரிந்தெடுப்பர். சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகூல், ரெம்பாவ் ஆகிய நான்கு நாடுகளின் உண்டாங்குகளும் கூடி 'யாங் டி பெர்துவான் பெசார்' எனும் மன்னரைத் தெரிந்தெடுப்பர். ஒவ்வொரு படியிலும் வேண்டப்படுவது 'புலாட்'. உருண்டை என்பது அச்சொல்லின் பொருள். மூலையும் முனையும் தேய்ந்து, எல்லார் கருத்தும் ஒன்றாகத் திரள வேண்டுமாம்! ஏற்றிவைத்த கைகளுக்கு இறக்கிவைக்கும் உரிமையையும் அவ்வழக்கம் அளித்திருக்கிறது.

ஆனால் என் உள்ளத்தைக் கவர்ந்தது இந்த ஏணியன்று. அதன் உச்சியில் உள்ள ஏற்பாடு. 1773இல் இந்நாட்டுத் தலைவர்கள் தமக்குள் ஒருவரை மன்னராக்கிக்கொள்ளவில்லை. சுமத்ராவின் பகாருயோங் அரச குடும்பத்திலிருந்து ராஜா மெலவாரை அழைத்துவந்து அமர்த்தினர். இன்றைய அரசியல் சட்டப்படி, மன்னராக வருபவர் ராஜா ராடினின் ஆண்வழித் தோன்றலாக இருத்தல் வேண்டும். ஆகவே, தேர்ந்தெடுக்கும் உண்டாங் மன்னராக முடியாது. மன்னராகத் தக்க இளவரசனுக்கோ தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. ஆசைப்படுபவன் ஒருவன்; அளிப்பவன் மற்றொருவன். எத்துணை எளிய காவல்!

இது வெறும் சடங்கு என்று எண்ண வேண்டா. 1967இல் துவாங்கு முனாவிர் காலமானபோது அவருடைய மகன் துங்கு முரிஸ் இருபது வயதும் நிரம்பாத இளைஞர். உண்டாங்குகள் முனாவிரின் தம்பியான துங்கு ஜாபாரை அமர்த்தினர். 2008இல் ஜாபார் காலமானார். அவருக்கும் ஆண் மக்கள் உண்டு. எனினும் உண்டாங்குகளின் தேர்வு, நாற்பத்தோர் ஆண்டுகட்கு முன் விலக்கப்பட்ட முரிஸின் மீது சென்றது. மகன் என்பதற்காக மட்டும் முடி கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கருத்து திரளாவிட்டால் என்ன ஆகும்? வரலாறு அதற்கும் விடை சொல்கிறது. 1869இல் மன்னர் இமாம் மறைந்தபின் துங்கு அந்தா, துங்கு அகமது துங்கால் இருவரிடையே போட்டி மூண்டது. நாடுகள் பிரிந்து நின்றன. தகரச் சுரங்கங்களின்மேல் கண் வைத்திருந்த ஆங்கிலேயன் 1874இல் சுங்கை ஊஜோங்கில் காலூன்றினான். நான்கு உண்டாங்குகளும் மீண்டும் ஒரே மன்னரை ஏற்றது 1898இல்தான். அப்போது நாடு ஆங்கிலேயன் பிடியில் இருந்தது. உருண்டை உடைந்தால் உள்ளே நுழைவது அயலானே!

இம்முறையைக் குறையற்றது என்று நான் போற்றவில்லை. தாய்வழி குலத்தைத் தாங்கும் பெண், தலைவர் இருக்கையில் அமர்வதில்லை. ஒருமித்த கருத்து என்ற பெயரில் எளியவன் வாய் அடைக்கப்படவும் கூடும். சிரம்பானைச் சுற்றியுள்ள இரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழனுக்கு இந்த ஏணியில் அடிப்படிகூட இல்லை. அவன் வாக்குச் சட்டமன்றம் வரை செல்லும். அரண்மனை வாயிலில் நின்றுவிடும். பிறந்த ஊரைவிட்டுப் பிற மாநிலத்தில் வந்து படிக்கும் நமக்கு, வாசலுக்கு வெளியே நிற்பது எத்தகையது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குறைகளை விலக்குவோம், கொள்ளத்தக்கதைக் கொள்வோம். மலேசியக் கூட்டரசும் 1957இல் அதைத்தான் செய்தது. மாமன்னரை ஒன்பது மன்னர்களும் இரகசிய வாக்கால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தெரிந்தெடுக்கும் முறையை வகுத்துக்கொண்டது. முதல் மாமன்னராக வந்தவர் நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரகுமான். தேர்தலுக்குப் பழகிய மண்ணிலிருந்து முதல்வர் வந்தது பொருத்தமே.

நமக்கு முடியும் இல்லை, அரியணையும் இல்லை. ஆயினும் விடுதிக் குழுவும் தமிழ்ச் சங்கமும் உண்டு. நாற்காலி கேட்பவனே ஆள் திரட்டி, அவனே கணக்கெடுத்து, ஒரு வாக்கு மிகுந்தால் வென்றேன் என்று முழங்குவதும், தோற்றவன் அன்றே தனிச் சங்கம் தொடங்குவதும் நம்மிடையே புதிதா? தேர்தலை நடத்தும் பொறுப்பை, பதவி வேண்டாதவர் நால்வரிடம் ஒப்படைத்தால் என்ன? வாக்கெடுப்பதற்குமுன் ஒரு மாலை எல்லாரும் அமர்ந்து பேசினால்தான் என்ன? கருத்துகள் முற்றும் உருண்டையாகாமற் போகலாம், முனைகளாவது மழுங்கும். அடுத்த சங்கத் தேர்தலுக்குமுன் இதை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே!