மைலுக்கு ஏன் மேலதிகக் காசு?

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் உள்ள ஒரு பயண முகவர் நிலையத்தில் அண்மையில் அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. சென்னைக்குச் சீட்டு எடுப்பதற்காகப் போயிருந்தேன். எனக்கு முன்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. ரொறன்ரோவில் இருக்கும் மகனிடம் போவதற்குச் சீட்டுப் பதிய வந்திருந்தார். மகன் தொலைபேசியில். ஒலிபெருக்கி போடப்பட்டிருந்தபடியால் உரையாடல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

முகவர் இரண்டு விமானசேவைகளைச் சொன்னார். ஒன்று மலிவு, இடைத்தங்கல் மூன்று மணி நேரம். மற்றையது 200 டொலர் கூட. இடைத்தங்கல் ஒன்பது மணி நேரம்.

"மலிஞ்சது வேண்டாம் அம்மா, மற்றதை எடுங்கோ. எனக்கு அதிலைதான் மைல் சேருது" என்றார் மகன்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, மைல் யாருடைய பேரில் சேரும்?" என்று முகவரிடம் கேட்டேன். அவர் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ஆர் பறக்கினமோ அவையின்ர பேரிலைதான் ஐயா" என்றார். மறுமுனையில் சற்று நேரம் மௌனம்.

இந்தப் பதிவு அந்த மௌனத்தைப் பற்றியது.

நம்மவர்களிடையே விமான மைல் என்பது இப்போது ஒரு பக்தியாகிவிட்டது. லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருந்து வருகின்றவர்கள், முன்னர் ஊர்ப் புதினம் பேசிய இடத்தில் இன்று எத்தனை ஆயிரம் மைல் சேர்த்திருக்கிறோம் என்று பேசுகிறார்கள். வெள்ளியா, பொன்னா என்று அட்டையின் நிறம் கேட்கிறார்கள். மைல் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; இலவசமாக வருவதை ஏன் விட வேண்டும்? அதற்காக மேலதிகக் காசு கொடுப்பதுதான் அறியாமை என்கிறேன்.

இந்த ஏற்பாடு எப்படித் தொடங்கியது என்பதைப் பாருங்கள். 1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்களின் மீதான அரசக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. போட்டி மூண்டது. கட்டணத்தைக் குறைத்தால் இலாபம் போய்விடும். குறைக்காவிட்டால் பயணி போய்விடுவார். இந்த இக்கட்டுக்கு அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981 மே மாதத்தில் கண்ட விடைதான் 'ஏஅட்வான்டேஜ்' திட்டம். பயணி விலை பார்த்துச் சீட்டு வாங்குவதை நிறுத்தவைப்பதே அதன் நோக்கம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்த நோக்கம் மாறவில்லை. மகன் தொலைபேசியில் "மலிஞ்சது வேண்டாம்" என்று சொன்னபோது திட்டம் செவ்வனே வேலை செய்துகொண்டிருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். கொழும்பிலிருந்து துபாய் ஊடாக ரொறன்ரோ போய்வந்தால் தூரம் ஏறத்தாழ 18,000 மைல். மலிவான கட்டண வகுப்பில் பல திட்டங்கள் தூரத்தின் கால்வாசியோ அரைவாசியோதான் தருகின்றன. சில வகுப்புகளுக்கு ஒன்றுமே இல்லை. ஒரு மைலின் பெறுமதியைப் பொதுவாக ஒரு அமெரிக்க சதம் அளவில் மதிப்பிடுவார்கள். கால்வாசி என்றால் 4,500 மைல். அதாவது 45 டொலர். அரைவாசி என்றால் 90 டொலர். மலிவுச் சீட்டுக்குக் கிடைக்கவே கிடைக்காத முழுத் தூரமும் கிடைத்ததாக வைத்துக்கொண்டாலும் 180 டொலர்தான். இதற்காகக் கொடுப்பது 200 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் அது 60,000 ரூபா. கொட்டாஞ்சேனையில் எத்தனை குடும்பங்களுக்கு அது ஒரு மாதச் செலவு என்று எண்ணிப் பாருங்கள்.

'மைல்' என்ற பெயரே இப்போது பாதிப் பொய். 2015இல் டெல்ற்றாவும் யுனைற்றெட்டும் பறந்த தூரத்துக்கு அல்ல, கொடுத்த கட்டணத்துக்கே மைல் என்று விதியை மாற்றின. பிரிட்டிஷ் எயார்வேஸ் 2023 ஒக்ரோபரில் அதே வழிக்கு வந்தது. அதிகம் பறப்பவருக்கு என்று சொல்லித் தொடங்கியது, அதிகம் செலவழிப்பவருக்கு என்று முடிந்திருக்கிறது. செலவழிப்பவர் பெரும்பாலும் தன் சொந்தக் காசில் பறக்காத கொம்பனி அதிகாரி. நாலு வருடத்துக்கு ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வருகின்ற குடும்பஸ்தருக்கு அந்தப் பந்தியில் கடைசி வரிசைதான்.

மைல் ஒரு நாணயம். அதை அச்சிடுவதும் அதன் பெறுமதியைத் தீர்மானிப்பதும் ஒரே நிறுவனம். இந்த நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதை நாம் கண்டோம். வங்கியில் இருந்த பணம் அப்படியே இருந்தது. அதன் வலுதான் போய்விட்டது. அதற்காவது மத்திய வங்கியைத் திட்டினோம், காலிமுகத்திடலில் கூடினோம். இன்று 50,000 மைலுக்குக் கிடைக்கும் ஆசனத்துக்கு நாளை 70,000 கேட்டால் எங்கே போய்க் கூடுவது? விதியை எந்நேரமும் மாற்றலாம் என்ற நிபந்தனையை, சேரும்போதே படிக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டோமே.

நிறுவனமே இல்லாமல் போவதும் உண்டு. 2001 செப்ரெம்பரில் அவுஸ்திரேலியாவின் அன்செற் நிறுவனம் வீழ்ந்தபோது அதன் பயணிகள் சேர்த்திருந்த புள்ளிகளும் கூடவே வீழ்ந்தன. 2019 ஏப்ரலில் இந்தியாவின் ஜெற் எயார்வேஸ் பறப்பதை நிறுத்தியது. அதன் மைல் திட்டம் தனி நிறுவனமாக இருந்தபடியால் வேறு பெயரில் தொடர்ந்தது. ஆனால் எந்த விமானத்துக்காக மைல் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை. நம்முடைய கதையும் உண்டு. 1998இலிருந்து பத்து ஆண்டுகள் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸை எமிரேற்ஸ் நிர்வகித்தது. அக்காலத்தில் இரண்டுக்கும் ஸ்கைவார்ட்ஸ் என்ற ஒரே திட்டம்தான். 2008இல் எமிரேற்ஸ் விலகியது. ஸ்ரீலங்கன் தனக்கெனப் பிளைஸ்மைல்ஸ் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 2014 மே மாதத்தில் ஒன்வேள்ட் கூட்டணியிலும் சேர்ந்தது. முதலாளிகள் சேர்வதும் பிரிவதும் அவர்கள் பாடு. பயணியை யாரும் கேட்பதில்லை.

மைலால் யாருக்கு இலாபம் என்று அறிய விரும்புவோர் 2020ஐப் பார்க்கலாம். கொரோனாக் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைற்றெட் தன் மைல் திட்டத்தை அடகு வைத்துக் கடன் பெற்றது. அத்திட்டத்தின் பெறுமதி ஏறத்தாழ 2,200 கோடி டொலர் என்று மதிப்பிடப்பட்டது. பங்குச் சந்தையில் அந்நிறுவனம் முழுவதற்கும் அப்போது இருந்த விலையைவிட அது அதிகம். விமானத்தைவிட விமான மைல் பெறுமதியானது, ஆனால் நிறுவனத்துக்கு.

நானும் ஏமாந்தவன்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டுகள் ஒரே விமானசேவையின் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பத்திரிகை வேலையாகப் போன பயணங்களில் கட்டண வித்தியாசத்தைச் சொந்தப் பணத்தில் கொடுத்தும் இருக்கிறேன். மகளின் பட்டமளிப்புக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு லண்டன் போக முனைந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அது யூலை மாதம். மைலுக்கு ஆசனம் இல்லை. செப்ரெம்பரில் உண்டு என்றார்கள். பட்டமளிப்பு செப்ரெம்பரில் இல்லையே! அந்த 'இலவச'ச் சீட்டுக்கும் வரியும் எரிபொருள் மேலதிகக் கட்டணமும் தனியாக. காசு கொடுத்தே போய்வந்தோம். அடுத்த வருடம் மைல்கள் காலாவதியாகிவிட்டன என்று ஒரு மின்னஞ்சல் வந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு நாலைந்து தடவை நெடுந்தூரம் பறக்கும் வியாபாரிகளுக்கு உயர்தர அட்டை உண்மையிலேயே பயன்படும். மேலதிகமாகக் கிடைக்கும் பொதி நிறை ஒன்றே போதும். மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் சேலைகளுமாகப் பயணப்படும் நம்மவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் காசு. குடும்பத்தினரின் மைல்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதியும் சில திட்டங்களில் உண்டு. ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிய வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் மேலே சொன்ன 45 டொலர் 200 டொலர் ஆகிவிடாது.

ஆகவே என் ஆலோசனை இது. எல்லாத் திட்டங்களிலும் சேருங்கள், சேர்வதற்குக் காசில்லை. சீட்டு வாங்கும்போது மைலின் பெறுமதி பூச்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம், பொதி நிறை, இடைத்தங்கல் நேரம், பறப்பவரின் வயது ஆகிய நான்கையும் பாருங்கள். நான்கும் சமமாக இருந்தால் மட்டும் மைல் பக்கம் சாயுங்கள்.

அந்த அம்மா எந்தச் சீட்டை எடுத்தார் என்று கேட்பீர்கள். மௌனம் கலைந்ததும் மகன், "பரவாயில்லை அம்மா, அதையே எடுங்கோ. நல்ல பிளேன்" என்றார். அம்மாவும், "அவன்ர காசு, அவன்ர விருப்பம்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கடவுச்சீட்டை நீட்டினார். காசு மகனுடையதுதான். விமான நிலையக் கதிரையில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கப்போகும் ஒன்பது மணி நேரம் யாருடையது என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.