லிங்க் போட்டா காசு வருமா? அஃபிலியேட் மார்க்கெட்டிங்கில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

'வீட்டில் இருந்தே மாதம் 50 ஆயிரம்... அஃபிலியேட் மார்க்கெட்டிங் கத்துக்கோங்க!' இப்படி ஒரு மெசேஜ் வராத வாட்ஸ்அப் குரூப் இன்றைக்கு அபூர்வம். தேனி, போடி, கம்பம் பக்கம் டிகிரி முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் முதல், தோட்ட வேலை இல்லாத மாதங்களில் வேறு வருமானம் தேடும் பெண்கள் வரை இதைப் பார்த்துவிட்டுக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இது நிஜமா, டுபாக்கூரா?

நிஜமான தொழிலும் இருக்கிறது, மோசடியும் இருக்கிறது. ரெண்டும் ஒரே பெயரில் ஓடுவதுதான் சிக்கல்.

போடி ஏலமும் இதுவும் ஒரே கணக்கு

அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்றால் என்ன என்று தேனி மாவட்டத்துக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையே இல்லை. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. இடுக்கி மலைத் தோட்டங்களில் விளையும் ஏலக்காய் அங்கே ஏலத்துக்கு வருகிறது. ஏலம் நடத்தும் நிறுவனத்துக்கு அந்தக் காய் சொந்தமில்லை. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கிறது, கமிஷன் எடுத்துக்கொள்கிறது. சின்னமனூர் வாழைத்தார் வியாபாரத்திலும், காய்கறி கமிஷன் மண்டியிலும் இதே கதைதான்.

அஃபிலியேட் என்பது இந்தத் தரகு செல்போனுக்குள் வந்த வடிவம். அமேசான் போன்ற தளத்தில் இலவசமாகப் பதிவு செய்கிறீர்கள். உங்களுக்கென்று ஒரு அடையாளக் குறியீடு சேர்ந்த லிங்க் கிடைக்கும். அதை யூடியூப் வீடியோவுக்குக் கீழேயோ, உங்கள் சமூக வலைதளப் பக்கத்திலோ போடுகிறீர்கள். யாராவது அதை அழுத்தி உள்ளே போய்ப் பொருள் வாங்கினால், விற்ற தொகையில் ஒரு சதவீதம் உங்களுக்கு. வாங்குபவர் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. கம்பெனி தன் விளம்பரச் செலவில் இருந்து அதைக் கொடுக்கிறது. அமேசான் இந்தத் திட்டத்தை அமெரிக்காவில் 1996-லேயே தொடங்கிவிட்டது. ஆக, இது புதுசாக முளைத்த வித்தை ஒன்றும் இல்லை.

மண்டியில் இல்லாத சில விதிகள் இங்கே உண்டு. அமேசானில் ஒருவர் உங்கள் லிங்க்கை அழுத்தினால் அந்தக் கணக்கு பொதுவாக 24 மணி நேரத்துக்குத்தான். அதற்குள் அவர் பொருளை கார்ட்டில் போடவில்லை என்றால், மறுநாள் வேறு வழியாக வந்து வாங்குவதற்கு உங்களுக்குக் கமிஷன் கிடையாது. உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்கினாலும் கிடையாது. சேர்ந்த 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். மற்ற வாடிக்கையாளர்கள் எழுதிய ரிவ்யூவை காப்பி அடித்து உங்கள் பக்கத்தில் போடக் கூடாது. இதைப் படிக்காமல் 'ஓகே' அழுத்திவிட்டு, பிறகு கணக்கு முடங்கிப்போய் நிற்பவர்கள்தான் அதிகம்.

கையில் எவ்வளவு நிற்கும்?

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர், விலை 2,500 ரூபாய். கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றுக்கு 125 ரூபாய். மாதம் 10 ஆயிரம் ரூபாய் வேண்டும் என்றால் 80 ஸ்பிரேயர் விற்க வேண்டும். வீடியோ பார்க்கும் ஆயிரம் பேரில் ஒருவர் வாங்குகிறார் என்றால், மாதம் 80 ஆயிரம் பேர் அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும்.

வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டால் அந்த 125 ரூபாயும் போச்சு. கமிஷன் உடனே கைக்கும் வராது. அமேசானில் விற்பனை நடந்த மாதம் முடிந்து சுமார் 60 நாட்கள் கழித்துத்தான் வங்கிக் கணக்குக்கு வரும். கமிஷன் விகிதமும் பொருளுக்குப் பொருள் மாறும். அதைக் கம்பெனி நினைத்தால் குறைக்கலாம், கேள்வி கேட்க முடியாது. 'முதல் மாதமே அரை லட்சம்' என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அவர் சம்பாதிப்பது அஃபிலியேட்டில் இல்லை, உங்களுக்கு விற்கும் 'கோர்ஸ்' கட்டணத்தில்.

கோவையில் நடந்தது என்ன?

கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட 'மைவி3 ஆட்ஸ்' விவகாரம் நினைவிருக்கும். செல்போனில் விளம்பரம் பார்த்தால் பணம், புதிய ஆட்களைச் சேர்த்தால் கூடுதல் பணம் என்பது அதன் திட்டம். உறுப்பினராகச் சேர, கட்டும் தொகைக்கு ஏற்பப் பல படிகள் இருந்தன. 2024 ஜனவரியில் போலீஸார் வழக்குப்பதிவு செய்தபோது, நிறுவனத்துக்கு ஆதரவாகவே ஆயிரக்கணக்கான மக்கள் கோவை நீலாம்பூர் அருகே திரண்டார்கள். அடுத்த மாதம் நிறுவனர் கைதானார். குற்றச்சாட்டு சரியா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். ஆனால் அவ்வளவு கூட்டம் ஏன் வந்தது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். வந்தவர்களில் பலர் பணம் கட்டியவர்கள். கம்பெனி நின்றுபோனால் தங்கள் பணமும் நின்றுபோகும் என்ற பயம் அவர்களுக்கு.

அஃபிலியேட்டில் இந்த பயத்துக்கே இடமில்லை. ஏனென்றால் நீங்கள் கட்டிய பணம் என்று எதுவும் இல்லை. ஏதோ ஒரு நிறுவனம் 'அஃபிலியேட்' என்று சொல்லி உங்களிடம் வந்தால், கேட்க வேண்டிய ஒரே கேள்வி: எனக்கு வரும் காசு யார் பையில் இருந்து வருகிறது? பொருள் வாங்கிய வாடிக்கையாளர் மூலம் வந்தால் அது தரகு. எனக்குப் பின்னால் சேர்பவர் கட்டும் தொகையில் இருந்து வந்தால் அது பணச் சுழற்சி. இந்தியாவில் பணச் சுழற்சித் திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டத்துக்குத் தடை போட்டிருக்கின்றன.

டெலிகிராமில் வரும் 'டாஸ்க்' வேலை இன்னொரு ரகம். ஹோட்டலுக்கு ஸ்டார் போடு, வீடியோவுக்கு லைக் போடு என்பார்கள். முதலில் நூறு, இருநூறு ரூபாய் நிஜமாகவே வரும். பிறகு 'பிரீபெய்டு டாஸ்க்' என்று உங்களிடம் கேட்க ஆரம்பிப்பார்கள். இப்படிப்பட்ட பகுதி நேர வேலை, முதலீட்டு மோசடிகளில் தொடர்புடைய 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது.

தேனியில் இருந்து தொடங்குவது எப்படி?

செல்போன் ரிவ்யூ, ஹெட்போன் ரிவ்யூ என்று இறங்கினால் சென்னையிலும் டெல்லியிலும் லட்சக்கணக்கான சப்ஸ்கிரைபர் வைத்திருப்பவர்களோடு மோத வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பவருக்குத் தெரிந்த விஷயம் அவர்களுக்குத் தெரியாது. திராட்சைக் கொடி கவாத்துக்கு எந்தக் கத்தரி கை வலிக்காமல் வெட்டும்? எந்த ஸ்பிரேயரின் பேட்டரி ஒரு ஏக்கர் முடியும் வரை தாங்கும்? சொட்டுநீர்க் குழாய்க்கு எந்த ஃபில்டர் போட்டால் அடைக்காது? தோட்டத்தில் பயன்படுத்திப் பார்த்து, குறையையும் சேர்த்துத் தமிழில் சொல்லும் பத்து நிமிட வீடியோவை விவசாயி தேடி வந்து பார்ப்பார். அப்படிப் பார்ப்பவர் சும்மா பொழுதுபோக்க வந்தவர் இல்லை, வாங்க வந்தவர்.

பெரிய தளங்களை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. போடி ஏலக்காயை நேரடியாக பார்சல் அனுப்புபவர்களும், ஆண்டிபட்டி பக்கத்துக் கைத்தறிச் சேலை விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசி உங்களுக்கென ஒரு கூப்பன் கோடு வாங்கினால் அதுவும் அஃபிலியேட்தான். ஆனால் உணவுப் பொருள் என்றால் பாக்கெட்டில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாயம் ஏற்றிய ஏலக்காயைச் சிபாரிசு செய்துவிட்டு ஊருக்குள் நடமாட முடியாது. டெல்லிக்காரருக்கு இந்தக் கவலை இல்லை, உங்களுக்கு உண்டு!

கமிஷன் வாங்குவதை மறைக்கலாமா?

கூடாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொருளைப் பரிந்துரைப்பவருக்கு அதில் பண லாபம் இருந்தால் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். வீடியோ தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில் இருக்க வேண்டும். ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளித்துவைத்தால் செல்லாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது. 'இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்' என்று ஒரு வரி போட்டாலே போதும்.

வருமானம் வர ஆரம்பித்தால் பான் கார்டு கட்டாயம் கேட்பார்கள். 2025 ஏப்ரல் முதல், ஒரே நிறுவனத்திடம் இருந்து ஆண்டுக்கு 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கமிஷன் வந்தால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இல்லை என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே 'டாஸ்க்' கும்பலிடம் பணம் கட்டிவிட்டீர்களா? வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் காத்திருக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். அடுத்தவர் கணக்கில் இருந்து பணம் எடுக்கப்படுவதற்கு முன் புகார் போனால் அதை வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பு இருக்கிறது. பணம் அனுப்பிய ரசீது, சாட்டிங் ஸ்கிரீன்ஷாட், எதிர்முனை எண் எதையும் அழித்துவிட வேண்டாம்.